அக்கா நிறுத்திய மாத்திரை

எனக்குக் கை நடுங்காது. அந்த ஒரு காரணத்துக்காகவே, காரைக்காலில் நான் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தில் எலிகளின் அட்ரினல் சுரப்பியைப் பிரித்தெடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. சிறுநீரகத்துக்கு மேலே கொழுப்புக்குள் ஒளிந்திருக்கும், உளுந்தளவுதான். கொழுப்பை உரித்துவிட்டு, உலர்வதற்குள் எடைபோட வேண்டும்.

நாங்கள் கொடுத்துப் பார்த்தது ஒரு ஸ்டீராய்டு. அட்ரினலில் ஊறும் ஹார்மோன் வந்து உட்காருவதற்கென்று உயிரணுக்களில் ஏற்பிகள் இருக்கின்றன. இந்த மருந்து அங்கே போய் உட்கார்ந்து அவற்றைத் தூண்டிவிடும். ஹார்மோன் வேண்டிய அளவு இருக்கிறதென்று மூளை நம்பி, அட்ரினலுக்கு உத்தரவு அனுப்புவதை நிறுத்திவிடும். வேலையில்லாத சுரப்பி சுருங்கிப்போகும். பிறகு மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் அந்தச் சுரப்பியால் உடனே வேலைக்குத் திரும்ப முடியாது. சில எலிகளுக்கு அப்படி நிறுத்தியும் பார்த்தோம். அவை தீனியைத் தொடாமல் கூண்டு மூலையில் சுருண்டு கிடந்ததை நோட்டில் குறித்து வைத்ததும் நான்தான்.

அக்கா கோட்டுச்சேரியில் வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறாள். அம்மா போன பிறகு என்னைப் படிக்க வைத்தவள் அவள்தான். விரல் மூட்டெல்லாம் வீங்கி, கத்தரிக்கோல் பிடிக்க முடியாமல் அழுதுகொண்டிருந்தாள். அப்புறம் ஒரு தீபாவளி சமயத்தில் போய்ப் பார்த்தால், தையல் தூள் பறக்கிறது. முகமும் உருண்டையாகப் பூரித்திருந்தது. "நல்லா சதை போட்டுட்டியேக்கா" என்று கன்னத்தைக் கிள்ளினேன். ஸ்டீராய்டு எலிகளை மெலிய வைக்கும், மனிதருக்கு முகத்தை ஊத வைக்கும். பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிய விஷயம். படித்து என்ன கிழித்தேன்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊசி தேடி அவள் மெஷின் டிராயரைத் திறந்தேன். உள்ளே செட் மாத்திரை. எங்கள் பக்கத்தில் உடம்பு வலி என்று போனால் சில மெடிக்கலில் இப்படித்தான் கொடுப்பார்கள்: நாலைந்து மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து, பேர் ஊர் தெரியாமல், வேளைக்கு ஒரு பொட்டலமாக.

"எத்தனை நாளா போடுற?"

"ரெண்டு வருஷம் இருக்கும்டி. இது போட்டாத்தான் விரல் மடங்குது."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "வலி மாத்திரையை இப்புடி முழுங்குனா கிட்னி என்ன ஆவும்? இன்னையோட சரி. ஒண்ணுகூடத் தொடக் கூடாது!" என்று கத்தி, அத்தனையையும் கழிவறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றினேன். உள்ளே கிடந்த சின்ன வெள்ளை மாத்திரை என்னவென்று பார்க்கவில்லை. அக்கா எதிர்த்துப் பேசவும் இல்லை. படித்தவள் சொன்னால் சரியாக இருக்கும் என்பது அவள் நினைப்பு.

நாலாம் நாள் போன் பண்ணினாள். "எந்திரிக்கவே முடியலடி. சோறு எறங்கல. வாந்தியா வருது."

"மாத்திரைக்குப் பழகிட்ட, அதான். ரெண்டு நாள் பல்லைக் கடிச்சுக்கக்கா" என்றேன். அப்போது நான் ஆய்வுக்கூடத்தில், எடை போடும் தராசுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் மயங்கிக் கிடந்தவளைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். நான் ஓடிப் போனபோது பிரஷர் பாதாளத்தில் இருந்தது. டாக்டர் அவள் முகத்தைப் பார்த்தார். கூட வந்தவர்களிடம், "பொட்டல மாத்திரை சாப்பிட்டாங்களா?" என்று கேட்டார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் இப்போது நிறுத்திவிட்டாள் என்று அவர்கள் சொன்னதும், உடனே ஸ்டீராய்டு ஊசி போடச் சொன்னார். அந்தச் சொல் காதில் விழுந்த பிறகுதான், நான் கொட்டிய சின்ன வெள்ளை மாத்திரை எதுவென்று என் மண்டையில் உறைத்தது. என்னைச் செருப்பால் அடித்தாலும் தகும்.

சாயங்காலம் கண் திறந்தாள். டாக்டர் கட்டிலருகே வந்து நின்றார்.

"உயிரே போயிருக்கும்மா. இப்படித் திடீர்னு நிறுத்தச் சொன்னது யாரு?"

"யாரும் சொல்லலங்க. நானாத்தான் நிறுத்துனேன்" என்றாள் அக்கா. பிறகு ஊசி குத்தியிருந்த கையை என் பக்கம் நீட்டி, "இது என் தங்கச்சிங்க. மருந்து ஆராய்ச்சி பண்றா" என்று பெருமையாகச் சொன்னாள்.

டாக்டர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். நானும் தலையாட்டினேன்.