மகளுக்குத் தெரியாமல் ஒளித்த பேய்க்கதை

நாங்கள் வசிக்கும் வெளிநாட்டு நகரில், தாவோ தியென் பகுதியில், எங்கள் குடியிருப்புக்குக் கீழே ஒரு காப்பிக் கடை உண்டு. வேண்டாத புத்தகங்களை அங்குள்ள அலமாரியில் யாரும் வைக்கலாம். என் மகள் பாதி படித்திருந்த ஆங்கிலப் பேய் நாவலை அவளுக்குத் தெரியாமல் நான் அங்கே வைத்துவிட்டேன். அவளுக்குப் பதினான்கு வயது, பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது.

இரண்டு நாள் வீடு முழுக்கத் தேடினாள். "நீ பாத்தியாம்மா?" என்றாள்.

"இல்லையே" என்றேன். அவள் அதை அப்படியே நம்பியதுதான் என்னை உறுத்தியது.

மறுநாள் கடைக்கு ஓடினேன். பைக் டாக்சி ஓட்டும் ஒரு பெண், ஹெல்மெட்டை மடியில் வைத்தபடி அந்த நாவலைத்தான் படித்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். "இன்னும் நாலு பக்கம்தான்" என்று ஆங்கிலத்தில் கெஞ்சினாள்.

காத்திருந்தேன். முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்டேன்.

"ஊரே பேயைப் பாத்து ஓடுது. இந்தப் பொண்ணு மட்டும் நின்னு, உன் பேர் என்னன்னு கேக்குறா."

புத்தகத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். அங்கேயே உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். மகள் போனில் கூப்பிட்டபோது நூறாவது பக்கத்தில் இருந்தேன். ஒளித்தது, பொய் சொன்னது, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"அந்தப் பொண்ணு கிணத்துக்குள்ள இறங்கிட்டாளா?" என்றாள்.

"இப்பதான் கயித்தைப் பிடிச்சிருக்கா."

"பொய் சொன்னதைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம். நீ படி, நானும் கீழ வரேன்."

அவளுக்கு எத்தனையோ புத்தகங்கள் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்து அவளோடு ஒன்றைப் படித்தது அன்றுதான்.