இசோகாயின் காதும் நான் செய்த பெட்டியும்

எங்கள் சங்கத்தில் யாருக்கு நல்ல காது என்று கேட்டால், இப்போதெல்லாம் பத்துப் பேரும் ஒரே ஆளைத்தான் கைகாட்டுவோம்: இசோகாய் நொரிகோ. அப்படிக் கைகாட்டுவதற்கு முன்னால் நாங்கள் எவ்வளவு அசடு வழிந்தோம் என்பதைத்தான் சொல்லப்போகிறேன். அதிகமாக வழிந்தவன் நான். ஒயாமா கடைத்தெருவில் வந்து யாபுகி என்று கேளுங்கள், சொல்வார்கள். மின்விசிறி, சோற்றுக் குக்கர், ரேடியோ எது படுத்தாலும் என் கடைக்குத்தான் வரும். கோபக்காரன் என்றும் சேர்த்துச் சொல்வார்கள். வயரைப் பிடித்து இழுத்துப் பிளக்கைப் பிடுங்குகிறவனைக் கண்டால் கோபம் வராமல் கொஞ்சவா தோன்றும்?

சங்கம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். மாதத்தின் இரண்டாவது ஞாயிறு மதியம், வட்டார மன்றத்து மாடியில் பாய் விரித்த ஓர் அறை, பதினொரு பேர், ஒரு கூஜா பார்லி டீ. என்னைத் தவிர எல்லோரும் ரயிலில் ஒரு மணி நேரம் நசுங்கிக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள். அந்த ஒரு மணி நேரமும் காதில் ஹெட்போன். வெறும் போனில் கேட்டால் போதாதா என்று கேட்கிறவர்களோடு நாங்கள் சகவாசம் வைத்துக்கொள்வதில்லை. போனில் எண்ணாகக் கிடக்கும் பாட்டைச் சத்தமாக மாற்ற ஒரு டாக், அந்தச் சத்தத்துக்குத் தெம்பு கொடுக்க ஓர் ஆம்ப். எல்லாவற்றையும் போனோடு சேர்த்து ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிச் சட்டைப் பையில் செருகிக்கொள்வோம். சட்டை ஒரு பக்கமாகத் தொங்கும். "செங்கல் சுமக்கிறவங்க சங்கம்" என்று என் மனைவி ஹாருயோ பெயர் வைத்திருக்கிறாள்.

கூட்டத்தில் எது நல்ல சத்தம் என்று ஒப்பிட்டுப் பார்ப்போம். அதற்கு ஒழுங்காகச் சட்டதிட்டம் கொண்டுவந்தவர் இசோகாய்தான். அவர் வருவதற்கு முன்னால் யார் உரக்கக் கத்துகிறாரோ அவர் ஆம்ப்தான் நல்ல ஆம்ப். அவர் வந்த பிறகு, ஒப்பிடும் இரண்டையும் துணி போட்டு மூட வேண்டும். மீட்டர் வைத்து இரண்டின் சத்தத்தையும் ஒரே அளவுக்குக் கொண்டுவர வேண்டும்; ஏனென்றால் இம்மி கூடுதலாக ஒலித்தாலும் காது அதைத்தான் அழகு என்று சொல்லிவிடும். பிறகு ஒவ்வொருவராகக் கேட்டு, வாயைத் திறப்பதற்கு முன் சீட்டில் எழுதிப் போட வேண்டும். இரண்டுக்கும் நடுவே, ஒவ்வொன்றையும் செருக ஒரு துளை வைத்த பெட்டி. குமிழை இந்தப் பக்கம் திருப்பினால் முதல் ஆம்ப், அந்தப் பக்கம் திருப்பினால் இரண்டாவது. பெட்டி என் கைவேலை.

இசோகாய் நாற்பத்தாறு வயதுப் பெண்மணி. வேலை என்ன தெரியுமா? பூமிக்குள் ஓடும் தண்ணீர்க் குழாய் எங்கே கசிகிறது என்று காதால் கேட்டுச் சொல்வது. ஆளுயர இரும்புக் கம்பி ஒன்று. ஒரு முனையை வீட்டு வாசலில் இருக்கும் தண்ணீர் மீட்டரில் ஊன்றி, மறுமுனையைக் காதில் வைப்பார். வீட்டுக்காரர் குழாய் திறந்திருக்கிறாரா, பக்கத்துக் குளிர்பான இயந்திரம் உறுமுகிறதா, இல்லை நிஜமாகவே கசிவா என்று பிரித்துச் சொல்ல வேண்டும். இருபது வருஷமாக ஒரு நாளைக்கு நூற்றைம்பது வீடு. அந்தக் காதோடுதான் எங்கள் கூட்டத்துக்கு வருவார். கர்வம் மருந்துக்கும் கிடையாது. "தெரியலைன்னா தெரியலைன்னு எழுதுங்க, யாரும் அடிக்க மாட்டாங்க" என்று சிரிப்பார்.

போன அக்டோபர் கூட்டத்துக்குப் பல் டாக்டர் சுகுடா ஒரு புது ஆம்ப் கொண்டுவந்தார். விலையைச் சொல்லக் கூடாது என்பது விதி. அதனால் அவர் விலையைச் சொல்லாமல், "இதுக்காகக் காரை வித்தேன்" என்று மட்டும் சொன்னார். எதிரே நிறுத்தியது சுண்டுவிரல் அளவு டாக், ஆம்பும் அதற்குள்ளேயே அடக்கம், மாணவர்கள் வாங்குவது. இரண்டையும் துணி போட்டு மூடினோம். மூடி என்ன பிரயோஜனம்? முதல் துணி மலை மாதிரி நிற்கிறது, இரண்டாவது தரையோடு கிடக்கிறது. நான் மீட்டர் வைத்துப் பார்த்தேன். எதையும் திருகாமலே இரண்டும் அப்படியே ஒரே அளவு. "பாத்தீங்களா என் கைராசியை!" என்று பீற்றிக்கொண்டேன்.

ஒவ்வொருவராகக் கேட்டோம். சீட்டைப் பிரித்தால் பத்துப் பேரும் ஒரே பாட்டு. முதலாவது விசாலமான மண்டபம், இரண்டாவது தண்ணீர் விட்ட மிசோ சூப். நான் ஒரு பக்கம் எழுதியிருந்தேன். வயலின் கம்பியில் வில் உரசும் துகள்கூட முதலாவதில் தெரிகிறதாம். எழுதியவன் நான்தான், என்ன செய்ய! பதினோராவது சீட்டில் இசோகாயின் கையெழுத்து: "இரண்டும் ஒன்றே."

"என்னங்க இது? காதைக் கொஞ்சம் சுத்தம் பண்ணிட்டு வந்திருக்கலாமே" என்றார் சுகுடா. அறை கொல்லென்று சிரித்தது.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருப்பேனா? "குழாயாக் கேட்டுக் கேட்டு இசோகாய்-சான் காதுக்குள்ள தண்ணி புகுந்துடுச்சு டாக்டர்" என்றேன். சிரிப்பு இன்னும் கூடியது.

இசோகாயும் சிரித்தார். "இன்னொரு தடவை கேக்கட்டுமா?" என்றார். கேட்டார். மறுபடியும் கேட்டார். மூன்றாவது தடவை கண்ணை மூடிக்கொண்டு, குமிழை இப்படியும் அப்படியும் திருப்பியபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். ஹெட்போனைக் கழற்றும்போது முகத்தில் ரத்தமே இல்லை. சீட்டை மட்டும் மாற்றவில்லை. டீகூடக் குடிக்காமல் கிளம்பிப் போய்விட்டார்.

அடுத்த கூட்டத்துக்கு ஐந்து நாள் முன்னால் கடைக்குப் போன் வந்தது.

"யாபுகி-சான், நான் இனிமே சங்கத்துக்கு வரலை. சொல்லாம நின்னா நல்லாயிருக்காதுன்னுதான் கூப்பிட்டேன்."

"அட, அன்னிக்குப் பேசினதை மனசுல வெச்சுக்கிட்டீங்களா?"

"இல்லைங்க. வேலையையே மாத்திக் கேட்டுட்டேன். வெள்ளிக்கிழமை உங்க கடைத்தெருவுக்குப் பின்பக்கம்தான் கடைசி ரவுண்டு. திங்கள்ல இருந்து ஆபீஸ்ல ஃபைல் பாக்கிறேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "காது டாக்டர்கிட்ட போனீங்களா?"

"போனேன். எல்லாம் சரியா இருக்காம். அவங்க பீப் பீப்னு விடறாங்க, கேக்குதான்னு பாக்கறாங்க. கேக்குது. என் வேலை அது இல்லையே. ஒரு சத்தத்துக்கும் இன்னொரு சத்தத்துக்கும் வித்தியாசம் சொல்றதுதானே? பத்துப் பேருக்குப் பளிச்சுன்னு தெரிஞ்சது எனக்கு மட்டும் தெரியலை. நாளைக்கு ஒரு கசிவை விட்டுட்டேன்னா ரோடே உள்வாங்கிடும்."

என்னவோ சமாதானம் சொல்லிப் பார்த்தேன். நன்றி சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை, ஞாயிற்றுக்கிழமைக்காகப் பெட்டியைத் துடைத்து எடுத்தேன். சும்மா ஒரு பாட்டுப் போட்டுப் பார்க்கலாம் என்று என் ஆம்பை இரண்டாவது துளையில் செருகினேன். முதல் துளை காலி. குமிழ் இரண்டில் இருந்தது, பாட்டு வந்தது. கை தவறி ஒன்றுக்குத் திருப்பிவிட்டேன்.

பாட்டு நிற்கவில்லை.

காலித் துளையிலிருந்து பாட்டு எப்படி ஐயா வரும்? மூடியைத் திறந்தேன். அக்டோபர் கூட்டத்துக்கு முந்தின வாரம் பழைய குமிழ் தேய்ந்துவிட்டதென்று புதுசு போட்டிருந்தேன். ஈயத்தால் பற்ற வைத்தபோது குமிழின் இரண்டு பக்கத்துக்கும் இரண்டாவது துளையின் வயரையே வைத்துவிட்டேன். குமிழை எந்தப் பக்கம் திருப்பினாலும் பாடியது அந்தச் சுண்டுவிரல் டாக்தான். சத்தத்தின் அளவு அப்படியே பொருந்தியது கைராசியால் இல்லை. ஒரே பொருளை இரண்டு தடவை அளந்திருக்கிறேன். சுகுடாவின் மலை அன்று வாயே திறக்கவில்லை. விசாலமான மண்டபமும் தண்ணீர் விட்ட சூப்பும் ஒன்றேதான். பத்துப் பேரும் கண்ணால் கேட்டிருக்கிறோம். ஒரே ஒருத்தர்தான் காதால் கேட்டிருக்கிறார்.

முதலில் என்ன தோன்றியது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன்: பெட்டியைச் சத்தமில்லாமல் சரிசெய்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? நாற்பது வருஷமாக வயர் பிடிக்கிறவன், வயரை மாற்றி வைத்தேன் என்று எந்த முகத்தோடு சொல்வேன்? ஸ்குரூடிரைவரைக் கையில் வைத்துக்கொண்டு ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். ஹாருயோ வந்து என் முகத்தைப் பார்த்தாள், திறந்த பெட்டியைப் பார்த்தாள், விஷயத்தைக் கறந்துவிட்டாள்.

"ஏங்க, அந்தம்மா பொழப்பை விட்டுட்டுப் போறாங்க. நீங்க இங்க உக்காந்து மானத்தைப் பத்தி யோசிச்சுக்கிட்டிருக்கீங்களா? எழுந்திரிங்க!"

கடையைத் திறந்தது திறந்தபடி விட்டு, பெட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடினேன். பின்தெருவில் மூன்றாவது சந்தில் கண்டுபிடித்தேன். ஒரு வாசலில் மண்டியிட்டு, மீட்டர் மேல் கம்பியை ஊன்றிக் காதை வைத்திருந்தார். நான் வாயைத் திறக்கப் போனேன். பேசாதே என்று ஒரு கையை உயர்த்தினார். கேட்டு முடித்து, வீட்டுப் பட்டியல் செருகிய பலகையில் எழுதிவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"என்ன இப்படி மூச்சு வாங்குது? வீட்ல ஏதாவது...?"

பெட்டியைத் திறந்து வயரைக் காட்டினேன். பேச்சு கோர்வையாக வரவில்லை, உளறிக்கொட்டினேன். "நீங்க எழுதினதுதான் சரி. ஒண்ணுதான். ரெண்டும் ஒண்ணேதான். தப்பு என்னோடது" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக் குனிந்து நின்றேன்.

இசோகாய் அந்த வயரை விரலால் தொட்டுப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் எனக்கும் நிம்மதியாக இருந்திருக்கும்.

"மூணு தடவை கேட்டேன் யாபுகி-சான்" என்றார் கடைசியில். "மூணு தடவையும் ஒண்ணுதான்னு காது சொல்லுச்சு. நான்தான் அதை நம்பலை."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஞாயித்துக்கிழமை நீங்களே எல்லார் முன்னாடியும் சொல்லணும்" என்றார். சொன்னேன், சொல்லாமல் விடுவேனா? சுகுடா காது வரை சிவந்து, இசோகாய் முன்னால் தரையில் தலைபடக் குனிந்தார். சரிசெய்த பெட்டியில் மறுபடி வைத்தோம். ஆளுக்கொரு முறை குமிழைத் திருப்ப வைத்து, அது எந்தப் பக்கம் போகிறது என்று தெரியாதபடி மற்றவர்களைச் சுவரைப் பார்த்து உட்கார வைத்தேன். ஏழு பேர் வித்தியாசம் தெரியவில்லை என்று எழுதினார்கள், நானும் அதில் ஒருவன். பத்துத் தடவையில் ஒன்பது தடவை எது எது என்று சரியாகச் சொன்னவர் இசோகாய் மட்டும்தான்.

ஆனால் நான் மறக்காமல் வைத்திருப்பது அந்த வெள்ளிக்கிழமை அந்தச் சந்தில் நடந்ததைத்தான். கண்ணைத் துடைத்தவர் திடீரென்று பலகையிலிருந்த தாள்களைப் புரட்டினார். "ஐயையோ, அந்த வீடு!" என்றார். கம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த வழியே விறுவிறுவென்று நடந்தார். நானும் பெட்டியோடு பின்னாலேயே ஓடினேன். நீலக் கதவு போட்ட வீடு. மண்டியிட்டார், கம்பியை ஊன்றினார், கண்ணை மூடினார். எனக்குத் தெருமுனை லாரிச் சத்தம்தான் கேட்டது. அவர் இம்மி அசையவில்லை. பிறகு பையிலிருந்து போனை எடுத்து, மேலாளர் நெமோட்டோவைக் கூப்பிட்டார். மறுமுனையில் நெமோட்டோ பேசியதும் எனக்குக் கேட்டது.

"சார், காலையில ஒரு வீட்ல சத்தம் இல்லைன்னு எழுதிட்டேன். லேசாக் கேட்டது. பிரமைன்னு நினைச்சு விட்டுட்டேன். பிரமை இல்லை சார், கசிவு. தோண்ட ஆள் அனுப்புங்க."

"நிச்சயமாவா? தோண்டி ஒண்ணும் இல்லைன்னா அந்த வீட்டுக்காரர் குதிப்பாரே. உங்களுக்குப் பதிலாத் திங்கக்கிழமை வர்ற புது ஆளை விட்டு ஒரு தடவை கேக்கச் சொல்லட்டுமா?"

இசோகாய் எழுந்து நின்றார். முழங்காலில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டார்.

"வேண்டாம் சார். இன்னிக்கே தோண்டுங்க. திங்கக்கிழமை ரவுண்டுக்கும் நானே வர்றேன்."