நான் வேவு பார்த்த ஊழியர்

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு கோடைக்காலம். தில்லை நகரில் நான் நடத்தும் மருந்துக்கடைக்கு அப்போதுதான் புதிதாக ஓர் ஆப் போட்டிருந்தோம். பெரிய நிறுவனங்கள் வீட்டுக்கே மருந்து அனுப்ப ஆரம்பித்துவிட்ட நேரம். மாறாவிட்டால் கடையை மூட வேண்டியதுதான் என்ற பயத்தில், போனில் ஆர்டர் எடுப்பதை ஒரே நாளில் நிறுத்தினேன்.

அடுத்த மாதத்திலிருந்து, பதினைந்து வருடமாக எங்களிடம் வேலை பார்க்கும் ஊழியர் ஒருவரின் நடவடிக்கை எனக்கு உறுத்த ஆரம்பித்தது. போன் வந்தால் வாசலுக்குப் போய்த் தணிந்த குரலில் பேசுவார். ஒரு மணிக்குச் சாப்பிடப் போகிறவர், மூன்று மணிக்கு வியர்த்துப்போய்த் திரும்புவார். கேட்டால், "கொஞ்சம் சொந்த வேலைங்க மேடம்" என்பார். ஸ்ரீரங்கத்தில் புதிதாக ஒரு மருந்துக்கடை திறந்திருந்தார்கள். எங்கள் வாடிக்கையாளர்களை அங்கே திருப்பிவிடுகிறார் என்று என் மனம் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டது.

ஒருநாள் அவர் மேஜையில் ஒரு நோட்டு கிடந்தது. அவர் இல்லாதபோது திறந்து பார்த்தேன். எங்கள் ஸ்ரீரங்கத்து வாடிக்கையாளர்களின் பெயர், விலாசம், யாருக்கு என்ன மாத்திரை என்று பக்கம் பக்கமாக அவர் கையெழுத்து. வேலையை விட்டு நிறுத்தும் கடிதத்தை டைப் செய்து வைத்தேன். கையும் களவுமாகப் பிடித்துவிட்டுக் கொடுக்கலாம் என்று காத்திருந்தேன்.

மறுநாள் மதியம், துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு ஸ்கூட்டியில் அவர் பைக்கைப் பின்தொடர்ந்தேன். காவிரிப் பாலம் தாண்டி அந்தப் புதுக் கடை வந்தது. அவர் நிற்கவில்லை. உத்திர வீதியில் ஒரு வீட்டுக்குள் போனார். கொஞ்சம் பொறுத்து, திறந்திருந்த கதவு வழியே எட்டிப் பார்த்தேன்.

எங்கள் பழைய வாடிக்கையாளரான, ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் சோபாவில் உட்கார்ந்திருந்தார். அவருடைய போனை இவர் வாங்கி, டாக்டர் சீட்டோடு ஒப்பிட்டு, எங்கள் ஆப்பில்தான் ஆர்டர் போட்டுக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் ஊழியர் எழுந்து நின்றார். டீச்சர்தான் பேசினார். "வாங்கம்மா. போன மாசம் நானே போட்டு, பிரஷர் மாத்திரைல ரெட்டிப்பு பவர் அழுத்திட்டேன். பேக் பண்றப்ப இவர் கவனிச்சு, நேர்ல வந்து கேட்டார். சாப்பிட்டிருந்தா என்ன ஆயிருக்குமோ. அதுலேர்ந்து இந்தத் தெருவுல வயசானவங்களுக்கெல்லாம் இவர்தான் போட்டுத் தரார்."

ஸ்ரீரங்கத்தில் ஆப் ஆர்டர் கூடியதை என் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்ததும், "ஏண்ணே எங்கிட்ட சொல்லலை?" என்று கேட்டேன்.

அவர் சங்கடத்தோடு தலையைக் குனிந்துகொண்டார். "ஆப் போட்டப்ப வெச்ச முதல் மீட்டிங்லயே சொன்னேனே மேடம், வயசானவங்க தடுமாறுவாங்கன்னு. 'மாற முடியாதவங்க வேற இடம் பார்த்துக்கலாம்'னு சொல்லிட்டீங்க. பொண்ணு காலேஜ் படிக்குது. அதுக்கப்புறம் நான் வாயைத் திறக்கலைங்க."

அப்படிச் சொன்னது எனக்கு நினைவிலேயே இல்லை.

மறுவாரமே போன் ஆர்டரைத் திரும்பக் கொண்டுவந்தேன். அதை அவரே கவனித்துக்கொள்கிறார். நோட்டைத் திறந்ததற்கும் பின்னால் வந்ததற்கும் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லைங்க" என்றார். ஆனால் ஒரு மாதம் வரை என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

நான் எதைச் சொன்னாலும் யோசிக்காமல் யாராவது "சரிங்க மேடம்" என்றால், இன்றைக்கும் எனக்கு முதலில் என் மீதுதான் சந்தேகம் வருகிறது.