என் த்ரீவீலுக்கு வந்த ராசி

பிரசவ ஹயர் ஓட்டுறவனுக்குச் சாமிகிட்ட வேண்டிக்கக்கூட வழியில்ல, ஏன்னா பின் சீட்டுல இருக்கிறவங்க அவனையே சாமியாக்கிடுவாங்க. றக்வானைக்கு மேல எங்க தேயிலைத் தோட்டத்துல நான் த்ரீவீல் ஆட்டோ வாடகைக்கு ஓட்டுறேன். ரோடு குண்டும் குழியும், பஸ் வந்தா உண்டு. மலையில ஹயர் ஓட்டுறவங்களுக்கும், வீட்டுல பிள்ளைத்தாச்சிய வச்சுக்கிட்டு எங்க கொண்டுபோறதுன்னு முழிக்கிறவங்களுக்கும் நான் சொல்றது நல்லா வெளங்கும். மத்தவங்க சிரிச்சாலும் சிரிப்பாங்க. நானும் சிரிச்சவன்தான், மேல் டிவிசன் ராஜி விஷயம் நடக்கிற வரைக்கும்.

ராசி ஏறின விதம்

வண்டி வாங்கின புதுசுல கீழ் டிவிசன் கண்மணிய ஏத்தினேன். மழைக்கு மண்மேடு சரிஞ்சு பாதி ரோட்டைக் காணோம். அந்தப் பிள்ளை கத்தின கத்துல, வழியிலயே ஆயிருமோன்னு பயந்துக்கிட்டே ஓட்டினேன். எப்படியோ ஆஸ்பத்திரியில கொண்டுபோய் இறக்கிவிட்டேன். ரெட்டைப் பிள்ளை. தாயும் சுகம், பிள்ளைகளும் சுகம். அதுக்குப் பிறகு ஏத்தினவங்களுக்கும் நல்லபடியாவே பிறந்துச்சு. அம்புட்டுத்தான், வண்டி ராசியான வண்டின்னு தோட்டம் பூரா பேச்சாயிருச்சு.

கண்மணியோட மாமியார் வந்து ஹேண்டில்ல மஞ்சத்துணி கட்டி, எலுமிச்சம்பழம் தொங்கவிட்டுச்சு. அம்மா, பிள்ளைய எடுத்தது டொக்டர், நான் சும்மா ஹேண்டில் பிடிச்சவன்னு சொல்லிப் பார்த்தேன். அந்தம்மா முடிச்சை இறுக்கிக்கிட்டே சொல்லுச்சு: "டொக்டர் கெட்டிக்காரர்தான் தம்பி, ஆனா அவரு யாருன்னு எங்களுக்குத் தெரியாதே. உங்களத்தானே தெரியும்."

சந்தியில நின்ன வண்டி

மலை இறங்கினதும் ஒரு சந்தி. இடப்பக்கம் போனா பெரிய ஆஸ்பத்திரி, வலப்பக்கம் சின்ன ஆஸ்பத்திரி. எங்க ஊர்ப் பொம்பளைங்களோட தலையெழுத்து பாதி அந்தச் சந்தியிலதான் முடிவாகும். ஒரு தடவை சாந்திய ஏத்தினேன். அவளுக்கு மூத்த பிள்ளை ஆபரேஷன். அதனால ரெண்டாவதுக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும்னு கிளினிக்ல கண்டிப்பா சொல்லியிருந்தாங்க. புருஷன் இடப்பக்கம்ங்கிறான், அவ வலப்பக்கம்ங்கிறா. நான் இஞ்சினை ஓடவிட்டுக்கிட்டு ரெண்டு பேர் வாயையும் பார்த்துக்கிட்டு நிக்கிறேன்.

அவளுக்கு ஏன் அந்தப் பிடிவாதம்னு கேட்டா, சின்ன ஆஸ்பத்திரி வார்ட்டுல வேலை செய்ற ஒரு முஸ்லிம் அக்கா, தமிழ்ல மகள் மகள்னு கூப்பிட்டு முதுகைத் தடவிவிடுவாங்களாம். அங்க ஆபரேஷன் பண்ண டொக்டர் இல்லையேன்னேன். அது அவ காதுல ஏறல. நீதான் சிங்களம் தண்ணி பட்ட பாடா பேசுவியே, எல்லாரும் சிங்களம் பேசுற பெரிய ஆஸ்பத்திரியில உனக்கு என்ன பயம்னு அதட்டினேன். புருஷன் சொன்ன பக்கமே திருப்பினேன், நல்லபடியா பிறந்துச்சு. ஆனா அவ அழுதுக்கிட்டே சொன்னது இன்னும் என் காதுல கெடக்கு: "கடையில பேசலாம், பஸ்ல சண்டை பிடிக்கலாம் அண்ணே. வலிக்கும்போது சிங்களம் வராது."

பொணம் ஏத்தின பொய்

ராஜிக்கு இது தலைப்பிள்ளை. ஏழாம் மாசத்துலயே பிரஷர் ஏறிருச்சு. மிட்வைஃப் மிஸ் லயத்து வீட்டுக்கே வந்து, தலைவலி வந்தா, கண்ணு மங்கினா, அந்த நிமிஷமே அம்புலன்ஸுக்குப் போன் பண்ணுங்க, தாமதிச்சா தாய்க்கும் ஆபத்து பிள்ளைக்கும் ஆபத்துன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க. மாமியார் மாரியாயி அக்கா தலையத் தலைய ஆட்டுச்சு. மிஸ் அந்தப் பக்கம் போனதும், அம்புலன்ஸ்ல போன புஷ்பம் வெறுங்கையோட வந்தாளே, அந்த வண்டி நமக்கு ஆகாது, ராசி வண்டி இருக்குன்னுச்சு. புஷ்பம் ரெண்டு நாள் வலிய அடக்கிவச்சுக்கிட்டு கடைசியில போனவ. அதை யார் கேட்கிறா?

விஷயம் தெரிஞ்ச மிஸ் என்னைப் பிடிச்சாங்க. நீங்க சொன்னாத்தான் கேட்பாங்க அண்ணே, உங்க வண்டிய எதிர்பார்க்க வேணாம்னு சொல்லுங்கன்னாங்க. அன்னைக்கே எலுமிச்சம்பழத்தை அத்து எறிஞ்சேன். மாரியாயி அக்காகிட்ட பிரேக் சரியில்லன்னேன். அதுக்கும் மசியல. வேற வழியில்லாம, போன வாரம் இந்த வண்டியில பொணம் ஏத்தினேன் அக்கா, இனி இதுல ராசியும் இல்ல மண்ணும் இல்லன்னு பச்சைப் பொய்யா ஒண்ணு அவிழ்த்துவிட்டேன். மாரியாயி அக்கா முகம் மலர்ந்துபோச்சு: "பொணம் எதிர்ல வந்தாலே நல்ல சகுனம்பாங்க தம்பி, உங்க வண்டியிலயே ஏறிருச்சா?"

மஸ்டர் கொட்டகையில

ஒரு நாள் வழக்குக்குப் போறவங்களை ஏத்திக்கிட்டு இரத்தினபுரிக்குப் போயிருந்தேன். பகல் சாப்பாட்டு நேரத்துல ராஜி புருஷன் போன் பண்ணினான். காலையிலருந்து தலைவலி, இப்ப கண்ணு மங்குதாம். நான் ரொம்ப தூரத்துல இருக்கேன், உடனே அம்புலன்ஸைக் கூப்பிடுடான்னு கோர்ட் வாசல்லயே நின்னு கத்தினேன். சரிண்ணே, சரிண்ணேன்னான். வந்தவங்களை அப்படியே விட்டுட்டுக் கிளம்பினேன். மலை ஏறினா கவரேஜ் இல்ல. அம்புலன்ஸ் எதிர்ல வருதான்னு வளைவுக்கு வளைவு பார்த்தேன். ஒண்ணும் வரல.

காலையில வேலைக்குப் பேர் எடுக்கிற மஸ்டர் கொட்டகை பெஞ்சில ராஜிய நல்ல சேலை கட்டி, தலை சீவி, பையோட உட்கார வச்சிருந்தாங்க. முகமெல்லாம் வீங்கிக் கெடந்துச்சு. அம்புலன்ஸுக்குச் சொல்லவே இல்ல. எப்படியும் என் வண்டி வந்துருமே, பிறகு அது எதுக்குன்னு மாரியாயி அக்கா போனைப் பிடுங்கி வச்சுக்கிச்சாம். என்னைக் கண்டதும் அந்தப் பிள்ளை சிரிச்சா பாருங்க, அந்தச் சிரிப்பை நான் எங்க கொண்டுபோய் வைப்பேன்? சந்தியில யாரையும் கேட்கல, நேரா பெரிய ஆஸ்பத்திரிக்கு விட்டேன். ராஜி பிழைச்சுக்கிட்டா. பிள்ளை வயித்துக்குள்ளயே போயிருச்சு. இங்க வந்து சேருறதுக்கு முந்தியே போயிருச்சும்மான்னு டொக்டர் சொன்னாராம்.

நான் ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியில, வண்டிக்குள்ளயே உட்கார்ந்து அழுதுக்கிட்டிருந்தேன். மாரியாயி அக்கா வந்து என் தோளைத் தொட்டுச்சு. அதுக்கும் கண்ணெல்லாம் சிவந்து கெடந்துச்சு. என்னைத் தேத்தணும்னுதான் வந்திருக்கு பாவம்: "அழாதீங்க தம்பி. பிள்ளை உங்க வண்டியில ஏறுறதுக்கு முந்தியே போயிருச்சாம். உங்க ராசிக்கு ஒரு குறையும் இல்ல."

நேத்து வண்டி கழுவப் போனேன், யாரோ ஹேண்டில்ல புதுசா ஒரு எலுமிச்சம்பழம் கட்டிவிட்டுப் போயிருக்காங்க.