ஈரோட்டு மாமாவும் அத்தை காலும்

அத்தைக்கு வலது முட்டியை மாற்றி வைத்தபோது நான் நாலாவது படித்துக்கொண்டிருந்தேன். மாற்றினார்கள் என்றால் பழைய முட்டி எங்கே என்று கேட்டேன். அப்பா முறைத்தார். அத்தை மட்டும், "கோயமுத்தூர்லயே உட்டுப்போட்டு வந்துட்டேன் கண்ணு, கெடக்கட்டும்" என்றாள்.

எங்கள் வீடு கருமத்தம்பட்டியில், தறி குடோனை ஒட்டி இருந்தது. அத்தை என் அப்பாவுக்கு அக்கா. கல்யாணம் செய்துகொள்ளாமல் எங்களோடுதான் இருந்தாள். விசைத்தறி ஓட்டுகிறவர்களுக்கு உட்கார நேரமில்லை. சிமெண்ட் தரையில் இந்தத் தறிக்கும் அந்தத் தறிக்கும் நடந்துகொண்டே இருக்க வேண்டும். அப்படி நடந்துதான் முட்டி தேய்ந்தது என்று டாக்டர் சொன்னாராம்.

ஆபரேசன் நல்லபடியாக முடிந்தது. கஷ்டம் வீட்டுக்கு வந்த பிறகுதான். கால் மடங்கவில்லை.

அதற்கு அம்மாவும் ஒரு காரணம். நாத்தனாருக்கு வலிக்கக் கூடாதென்று பிரியத்தில் ஒரு தலையணையை முட்டிக்கு அடியில் வைத்துவிட்டாள். அத்தைக்கும் அது சுகமாக இருந்தது. அப்படியே கிடந்தாள். காலுக்குப் பயிற்சி கொடுக்கக் கோயமுத்தூர் கணபதியிலிருந்து ஸ்கூட்டரில் வந்த பிசியோ பெண் முதல் வேலையாகத் தலையணையை உருவி என் கையில் கொடுத்தாள். சுகமாக வைத்தால் கால் அப்படியே நின்றுபோகும், அப்புறம் நீட்டவும் வராது மடக்கவும் வராது என்றாள். அடுப்படிக்குள் போன அம்மா அந்தப் பெண் கிளம்பும்வரை வெளியே வரவில்லை.

கட்டில்மேல் ஒரு பலகை. அதில் முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவி, குதிகாலை வைத்து உடம்புப் பக்கமாக இழுக்க வேண்டும். அதுதான் பயிற்சி. அத்தை எல்லாவற்றுக்கும் "ஆகட்டுங்க அம்மணி" என்பாள். அந்தப் பெண் போனதும் பலகையைச் சுவரோரம் சாய்த்துவிடுவாள். மறுபடி வந்து கேட்டால் "செஞ்சனுங்க" என்பாள். முட்டியைப் பார்த்தாலே அந்தப் பெண்ணுக்குத் தெரிந்துவிடும். இப்படியே போனால் திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், மயக்க மருந்து கொடுத்து டாக்டரே பிடித்து மடக்குவார் என்று ஒருநாள் சொல்லிவிட்டாள்.

அத்தை முகம் செத்துப்போனது. "இனி ஆஸ்பத்திரிக்கு வர மாட்டனுங்க. வெறச்சே கெடக்கட்டும்."

ஆனால் விறைத்த காலோடு தறி ஓட்ட முடியாது. அதை யாரும் அவளிடம் சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அவள் தறியை வேறு ஒரு பெண் ஓட்டிக்கொண்டிருந்தாள். நூல் அறுந்து தறி நின்றால் கட்டிலில் இருந்தபடியே அத்தைக்குத் தெரியும். திரும்ப ஓடும்வரை பேச மாட்டாள். நாங்கள் பேசினாலும் காதில் வாங்க மாட்டாள்.

எங்கள் பக்கம் ஆபரேசன் என்றால் சொந்தம் எல்லாம் ரொட்டியும் ஆப்பிளும் வாங்கிக்கொண்டு பார்க்க வந்துவிடும். வந்தவர்கள் முன் காலை நீட்டிக்கொண்டிருப்பது மரியாதை இல்லை. அத்தைக்கு வலியைவிட அதுதான் பெரிய சங்கடம். போர்வையை இழுத்து மூடிக்கொள்வாள். "கால நீட்டிட்டு இருக்கறனுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க" என்று வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்வாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிசியோ பெண் இருக்கும்போதே வாசலில் ஒருவர் செருப்பைக் கழற்றினார். வெள்ளைச் சட்டை. நகக்கண்ணெல்லாம் மஞ்சள். ஈரோட்டில் மஞ்சள் மண்டி வைத்திருக்கிற மாமா என்று அப்பா எனக்குச் சொன்னார். நான் அதற்கு முன் அவரைப் பார்த்ததில்லை.

அத்தை அவரைப் பார்த்தாள். போர்வையைத் தேடவில்லை. காலை இழுத்துக்கொண்டாள்.

பவுடர் பலகைமேல் குதிகால் சறுக்கிக்கொண்டு வந்தது. முட்டி மடங்கி மேலே எழுந்து நின்றது. அத்தைக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனாலும் காலை நீட்டவில்லை. "வாங்க" என்றாள்.

"இந்த மடக்க இத்தன நாளா எங்கீங்க வெச்சிருந்தீங்க?" என்று பிசியோ பெண் சிரித்தாள். வேறு யாரும் சிரிக்கவில்லை.

அந்தப் பெண் ஒரு கணக்குப் போட்டாள். ஆம்பளைகளுக்குக் காட்டுகிற மரியாதை போலிருக்கிறது, யாரையாவது எதிரே உட்கார வைத்தால் கால் தானாக மடங்கும் என்று நினைத்தாள். அடுத்த தடவை அப்பாவை உட்கார வைத்தாள். "தம்பிக்கு என்ன மருவாதி வேண்டிக்கெடக்குது" என்று அத்தை காலை இன்னும் நன்றாக நீட்டிக்கொண்டாள். பக்கத்து வீட்டு நூல் வியாபாரியை அழைத்து உட்கார வைத்தார்கள். போர்வைதான் வந்தது.

அன்று சாயங்காலம் அப்பா செல்போனில் ஒரு நம்பரைப் போட்டு என் கையில் கொடுத்தார்.

"மாமா, அத்தைக்குக் கால் மடங்க மாட்டீங்குது, வாங்கன்னு சொல்லு. நாங் கூப்புட்டா நல்லாருக்காது."

ஏன் நல்லாயிருக்காது என்று கேட்பதற்குள் வெளியே போய் நின்றுகொண்டார். நான் சொன்னேன். "வாரேன் கண்ணு" என்றார் மாமா.

அதிலிருந்து ஞாயிறானால் வந்துவிடுவார். வாசலருகே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருவார். பலகையைப் பிடித்துக்கொள்வது என் வேலை. அவர்கள் பேச்சு ஒன்றும் பெரிதாக இருக்காது. ஈரோட்டில் மழை உண்டுங்களா என்று அத்தை கேட்பாள். தூறலோடு நின்றுபோனது என்பார். நூல் எப்படி ஓடுதுங்க என்று அவர் கேட்பார். என்னத்த ஓடுது என்பாள். இதற்கு நடுவில் கால் வந்துகொண்டிருக்கும், போய்க்கொண்டிருக்கும். வலி அதிகமானால் அத்தை முந்தானையைக் கடித்துக்கொள்வாள். அப்போது அவர் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒருநாள் மட்டும் பார்க்க முடியாமல் சொன்னார்: "வலிச்சா நிறுத்திருங்க."

"நிறுத்துனது போதுமுங்க" என்றாள் அத்தை.

அடுப்படியில் அம்மா வெங்காயம் நறுக்குகிற சத்தம் நின்றது. நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் குனிந்துகொண்டாள்.

எனக்குக் கல்யாணம் முடிவானபோதுதான் அம்மா அந்தக் கதையைச் சொன்னாள். அத்தைக்கும் ஈரோட்டு மாமாவுக்கும் கல்யாணம் பேசி உறுதி வார்த்தை ஆகியிருந்ததாம். அந்த மாதமே தாத்தா இறந்துபோனார். தறியையும், பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த என் அப்பாவையும் பார்க்க ஆளில்லை என்று கல்யாணத்தை அத்தையே நிறுத்திவிட்டாள். அவர் சில வருசம் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு இடத்தில் கட்டிக்கொண்டார். எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தபோது அவர் மனைவியும் காலமாகியிருந்தார்.

அப்போது எனக்கு இதெல்லாம் தெரியாது. மாமா வந்தால் கால் மடங்கும், அவ்வளவுதான் தெரியும்.

அத்தை வாக்கரைப் பிடித்து நடந்தாள். அப்புறம் தடியோடு நடந்தாள். அவர் வராத நாட்களிலும் பலகையைத் தானே எடுத்துப் போட்டுக்கொண்டாள். யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. படி ஏறும்போது நல்ல கால் முன்னால், இறங்கும்போது ஆபரேசன் கால் முன்னால் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஏறி இறங்குவாள். இனிமேல் தான் வர வேண்டியதில்லை என்று பிசியோ பெண் சொல்லிவிட்டாள். அத்தை அவளுக்கு ஒரு ரவிக்கைத் துணியும் வெற்றிலை பாக்கும் வைத்துக் கொடுத்தாள்.

அடுத்த ஞாயிறு மாமா வந்தபோது அத்தை கட்டிலில் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், காலைத் தொங்கப்போட்டு, எல்லோரையும் போல. அவர் பார்த்துவிட்டுச் சிரித்தார். காப்பி குடித்தார். கிளம்பும்போது அத்தையும் எழுந்தாள். தடியை எடுக்கவில்லை. என் தோளைக்கூடப் பிடிக்காமல் மெயின் ரோடு பஸ் ஸ்டாப்வரை நடந்தாள். அவர் மெதுவாக நடந்தார். நான் பின்னால் போனேன்.

பஸ் வர நேரமாயிற்று. இருவரும் ரோட்டைப் பார்த்தபடி நின்றார்கள்.

"கால் நல்லாயிருச்சுங்க" என்றாள் அத்தை.

"பாத்தனுங்க."

"இனி உங்களுக்கு அலைச்சல் இல்லீங்க."

அவர் ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் ஈரோடு பஸ் வந்துவிட்டது. கூட்டம். ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, குனிந்து ஜன்னல் வழியாக எங்களைப் பார்த்தார். "வாரனுங்க" என்றார். பஸ் போய்விட்டது.

அத்தை நகரவில்லை. இன்னும் கொஞ்சநாள் கால் சரியில்லை என்று சொல்லியிருந்தால் மாமா வந்துகொண்டிருப்பாரே, அத்தையும் அவரோடு பேசிக்கொண்டிருக்கலாமே என்று எனக்கு இருந்தது. அதைச் சொல்லத் தெரியவில்லை. அவள் நின்ற நிலையைப் பார்த்து, இவ்வளவு தூரம் நடந்ததில் வலி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். பெஞ்சில் உட்கார வைத்தேன்.

"வலிக்குதா அத்தை?"

ஆமென்று தலையை ஆட்டினாள். சேலையோடு சேர்த்து முட்டியில் கை வைத்து, இங்கேயா என்று கேட்டேன்.

"அங்கதான்னு வெச்சுக்கோ கண்ணு" என்றாள்.

நான் அந்த இடத்தையே அமுக்கிவிட்டுக்கொண்டிருந்தேன்.