விரிசலும் மேடும்

குகனேஸ்வரி இத்தாலியின் பலேர்மோ நகருக்கு வந்து பதினாறு வருடமாகிறது. சீசா பகுதியில் நான்காம் மாடியில், கணவன் நகுலேஸ்வரனோடும் மகள் ஜெனுஷாவோடும் குடியிருக்கிறாள். மூன்று வீடுகளில் வேலை. வாய் கொஞ்சம் நீளம், கண் அதைவிடக் கூர்மை. பேருந்து வளைவில் திரும்பும்போதே இலக்கத்தை வாசித்து, நிறுத்தத்தில் நிற்கும் எல்லோருக்கும் சொல்லிவிடுவாள்.

அந்த மூன்று வீடுகளில் ஒன்று ரொசாலியா அம்மையாருடையது. இத்தாலிய வழக்கப்படி அவரைச் சிஞ்ஞோரா என்றுதான் அழைப்பாள். வடதுருவக் கடலில் பனி எப்படி உடைகிறது, எப்படி நகர்கிறது என்று ஆராய்கிற பேராசிரியை. ஆனால் ஜன்னலைத் திறந்தாலே தும்முவார். துருவப் பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லை. எல்லாம் செயற்கைக்கோள் படங்களில்தான்.

பெப்ரவரியில் சிஞ்ஞோரா மாடிப்படியில் வழுக்கி வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். முந்தின ஏப்ரலில் எடுத்த நூற்றுக்கணக்கான படங்களில் விரிசல்களைக் குறித்து, மூன்று வாரத்துக்குள் அனுப்பவேண்டியிருந்தது.

"குகா, நீ கோடு போடுவியா?"

"நான் ஜன்னல் துடைக்க வந்தனான், சிஞ்ஞோரா."

"ஜன்னல் எங்கையும் ஓடிப்போகாது. வந்து இரு."

இருந்தாள். சிஞ்ஞோரா பக்கத்தில் அமர்ந்து விளக்கினார். கடலின் மேல் கிடக்கும் பனி ஓரிடத்தில் நிற்பதில்லை. பெரிய புயல் ஒன்று கடந்தால் ஒரே நாளில் இருபது கிலோமீட்டர்கூட நகர்ந்துவிடும். கரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசினால் பனி விலகி வெடிக்கும், இடையில் கறுப்பாகத் தண்ணீர் தெரியும். கடலிலிருந்து கரையை நோக்கி வீசினால் பனி நெருக்குண்டு, ஒன்றின்மேல் ஒன்றேறி மேடாகும்.

"எங்கடை ஷிரோக்கோ காத்துக்குப் பல்கனியிலை கிடக்கிற கதிரை எல்லாம் ஒரு மூலைக்குப் போகுமே, அப்பிடியோ?"

"அப்பிடித்தான்! கறுப்புக் கோட்டைக் கண்டால் குறி."

இரண்டு நாள் சிரிப்பும் கோப்பியுமாகப் போனது. மூன்றாம் நாள், கரையோரமாக நீண்ட ஒரு கறுப்புக் கோட்டில் குகனேஸ்வரியின் கை நின்றது.

"ஏன் நிப்பாட்டினாய்? போடு."

"இது வெடிப்பில்லை, சிஞ்ஞோரா. வெடிச்ச இடமெண்டால் ரெண்டு கரையும் கிழிஞ்ச துணிமாதிரித் திருப்பிப் பொருந்தவேணும். இஞ்சை பொருந்தேல்லை. ஒரு பக்கம் வெளிச்சம், மற்றப் பக்கம் இருட்டு. மேடு ஒண்டு நிழல் விழுத்துது."

"நான் இருபது வருசமாய் இதைத்தான் பார்க்கிறன், குகா. கம்ப்யூட்டரும் விரிசல் எண்டுதான் சொல்லுது."

"கம்ப்யூட்டருக்கும் கண் பிழைக்கும்தானே."

சிஞ்ஞோராவின் முகம் சிவந்தது. குகனேஸ்வரி கோடு போடவில்லை. சமையலறைக்குப் போய், ஏற்கெனவே கழுவிய கோப்பிப் பாத்திரத்தை இன்னொருமுறை கழுவினாள். நல்ல வீடு, நல்ல மனுஷி; வாயைக் கொடுத்துக் கெடுத்துக்கொண்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

வீட்டில் இதைக் கேட்டு ஜெனுஷா விழுந்து விழுந்து சிரித்தாள். "மம்மா மீயா! அம்மா, நீங்கள் புரொஃபெஸ்ஸோரெஸ்ஸாவோடை சண்டை பிடிச்சனீங்களோ?"

"சண்டை இல்லையடி. உள்ளதைச் சொன்னனான்."

மறுநாள் அவள் மணியை அழுத்துமுன்னே கதவு திறந்தது. சிஞ்ஞோரா இடக்கையில் ஒரு கட்டுக் காகிதத்தோடு நின்றார். அந்த ஏப்ரல் நாட்களின் காற்று வரைபடங்கள்.

"பார். அந்தப் படம் எடுக்க முதல் மூண்டு நாளும் புயல் கடலிலையிருந்து கரைக்குத்தான் அடிச்சிருக்கு. பனி நெருக்குண்டு ஏறியிருக்குமே தவிர, வெடிச்சிருக்க வழியில்லை. நான் காத்தைப் பார்க்காமல் கோட்டை மட்டும் பார்த்திட்டன். நேற்றுக் கோவிச்சதை மறந்திடு."

"நான் அதை நேற்றே மறந்திட்டன்," என்றாள் குகனேஸ்வரி. அது பச்சைப் பொய்.

பிறகு இருவருமாகக் காற்று வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எல்லாப் படங்களையும் திரும்பப் பார்த்தார்கள். இன்னும் முப்பத்தெட்டுப் படங்களில் மேட்டின் நிழல் விரிசலாகக் கணக்கில் ஏறியிருந்தது. தவணைக்கு ஒரு நாள் முன்னதாக எல்லாம் திருத்தி அனுப்பினார்கள்.

மணிக்கட்டு சுகமான பிறகும் சிஞ்ஞோரா அவளை விடவில்லை. வாரத்தில் இரண்டு நாள் காலையில் மேசை முன் அமர்ந்து படம் பார்க்க, முறையாக ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தார்.

"அப்ப ஜன்னலை ஆர் துடைக்கிறது?"

"நான்தான்," என்றார் சிஞ்ஞோரா, தும்மிக்கொண்டே.

அக்டோபரில் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. நன்றி சொல்லும் பகுதியில் அவளுடைய முழுப்பெயரும் இருந்தது, ஓர் எழுத்துப் பிழையோடு. நகுலேஸ்வரன் பரவாயில்லை என்றான். அவள் விடவில்லை, அன்றைக்கே ஜெனுஷாவைக்கொண்டு மின்னஞ்சல் எழுதுவித்து, அதைத் திருத்தவைத்தாள்.