இறுக்கியம்மாவின் டப்பா

ஒன்றாம் வகுப்பு டீச்சர் என்றால் பாடம் நடத்துகிறவள் என்று யாராவது நினைத்துக்கொண்டிருந்தால், பாவம், நினைத்துக்கொள்ளட்டும். நான் சாப்பாட்டு டப்பா திறக்கிறவள். மத்தியானமானால் வகுப்பே வரிசையில் நின்று டப்பாவை நீட்டும். எல்லாம் திறந்துவிடும். ஒன்றே ஒன்றுதான் என் உயிரை வாங்கும்.

அது இறுக்கியம்மாவின் மகளுடையது. இறுக்கியம்மா நான் வைத்த பெயர். மருந்து கம்பெனியில் பாட்டிலுக்கு மூடி திருகுகிறவள். ஒரு பாட்டில் ஒழுகினாலும் மேஸ்திரி வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பாராம். அந்தப் பயம் கையோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. அவள் மூடிய குழாயை அவள் புருஷன் வந்துதான் திறக்க வேண்டும்.

"ஏம்மா, மனுஷங்க திறக்கிற மாதிரி மூடக்கூடாதா?" என்று கேட்பேன்.

"கொட்டிப்போச்சுன்னா என் பிள்ளை பட்டினியில்ல கிடக்கும், டீச்சர்?"

"இப்ப மட்டும் என்ன, விருந்தா சாப்பிடுது?"

எங்கள் சண்டையைப் பார்க்கவே சிலர் பள்ளிக்கூட வாசலுக்குச் சீக்கிரம் வருவார்கள்.

இந்த லட்சணத்தில் மாவட்டக் கல்வி அலுவலகம் ஓர் உத்தரவு போட்டது. சாப்பாட்டு இடைவேளை இனிமேல் கால்மணி நேரம்தான். மிச்ச நேரத்தில் தேர்வுப் பயிற்சி. எந்த மகராசன் யோசித்தானோ! நான் கடைசி டப்பாவைத் திறப்பதற்குள் மணி அடித்துவிடும். இறுக்கியம்மாவின் மகளோ ஒவ்வொரு பருக்கையாகக் கொறிக்கிறவள். அந்த வாரமே மதிய வகுப்பில் மேசையில் சுருண்டு விழுந்தாள். தண்ணீர் தெளித்தேன். கண் திறந்ததும், "டீச்சர், இப்ப சாப்பிடட்டுமா?" என்றாள்.

சாயங்காலம் இறுக்கியம்மா வந்தாள். என்னை உண்டு இல்லை என்று ஆக்கப்போகிறாள் என்று நானும் தயாராகத்தான் நின்றேன். அவளோ திறக்காத டப்பாவைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"நம்ம சண்டை அப்புறம் இருக்கட்டும், டீச்சர். அந்த ஆபீஸ்காரங்களை என்ன பண்ணலாம், சொல்லுங்க."

இரண்டு பேருமாக வீடு வீடாக ஏறி இறங்கினோம். மற்ற ஆசிரியர்களும் பெற்றோரும் சேர்ந்துகொண்டார்கள். கூட்டமாகப் போய் அலுவலக வாசலில் நின்று கத்தினோம். நேரில் வந்து பார்ப்பதாகச் சொல்லி எங்களை அனுப்பி வைத்தார்கள்.

வருகிறவர்களுக்கு முதலில் வயிறு குளிரட்டும், அப்புறம் பேசலாம் என்றார் தலைமையாசிரியை. அம்மாக்கள் சமைத்தார்கள். அதை டப்பாவில் போட்டு மூடும் வேலை, கடவுளே, இறுக்கியம்மாவிடம் போனது.

மூன்று அதிகாரிகள் வந்தார்கள். குட்டி பெஞ்சில், முழங்கால் மோவாயில் இடிக்க, பிள்ளைகளோடு உட்கார்ந்தார்கள். சாப்பாட்டு மணி அடித்தது. பெரிய அதிகாரி மூடியைத் திருகினார். ஊஹூம். கைக்குட்டையைப் போட்டுத் திருகினார். தொடைக்கு நடுவில் வைத்துத் திருகினார். முகம்தான் சிவந்தது. மற்ற இருவரும் பல்லைக் கடித்துக்கொண்டு அவரவர் டப்பாவோடு மல்லுக்கட்டினார்கள்.

சுவரோரம் நின்ற இறுக்கியம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. "சத்தியமா வேணும்னு பண்ணல, டீச்சர். பயத்துல கை தானா இறுக்கிடுச்சு," என்று முணுமுணுத்தாள்.

பெரிய அதிகாரி எழுந்தார். பிள்ளைகள் செய்வதைப் பார்த்தாரோ என்னவோ, அவரும் என்னிடம் வந்து டப்பாவை நீட்டினார்.

"டீச்சர், திறக்க வரல."

அறையே கொல்லென்று சிரித்தது. எனக்கு எங்கிருந்துதான் அந்தத் தைரியம் வந்ததோ! "வரிசையில நில்லுங்க, சார். உங்களுக்கு முன்னாடி பாப்பா நிக்குது," என்றேன்.

முன்னால் நின்றது இறுக்கியம்மாவின் மகள். மனிதர் அவளுக்குப் பின்னால் போய் நின்றார். நான் மூச்சைப் பிடித்து அவள் டப்பாவைத் திறந்து கொடுத்துவிட்டு, அவருடையதில் கை வைத்தேன். மணி அடித்துவிட்டது.

"மணி அடிச்சாச்சு. டப்பாவை உள்ள வைங்க, சார்."

"இன்னும் திறக்கவே இல்லையேம்மா! எனக்குப் பசிக்குது!"

"அதைத்தான் சார் உங்க வாசல்ல வந்து கத்தினோம்," என்றாள் இறுக்கியம்மா.

அவர் குனிந்து பார்த்தார். அவள் மகள், ஒரு வாய்கூட வைக்காத டப்பாவை மறுபடி மூடிக்கொண்டிருந்தாள்.

"நீ சாப்பிடு, பாப்பா."

"மணி அடிச்சிடுச்சே, சார்," என்றாள் குழந்தை.

அவர் அங்கேயே தலைமையாசிரியையைக் கூப்பிட்டு, நாளையிலிருந்து பழைய நேரம்தான் என்றார். பிறகு குழந்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை. அன்று சாயங்காலம் அவள் வாசலுக்கு ஓடியபோது, பைக்குள் காலி டப்பாவில் கரண்டி கடகடவென்று ஆடியது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் இறுக்கியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

மறுநாள் மத்தியானம் அந்த டப்பாவைத் திருகினேன். பாழாய்ப்போனவள், ஒரு இம்மிகூடத் தளர்த்தவில்லை.